கூலியும் குரலும்

‘கூலி’ என்ற சொல் நமக்குப் புதியதன்று. வள்ளுவரே ஆள்வினையுடைமை அதிகாரத்தில் அதை ஆண்டிருக்கிறார்; உழைப்புக்கு உரிய பயன் என்பதே அங்கே அதன் பொருள். அதே சொல் ஜமைக்காத் தீவில் ஓர் இனத்தாரின் பெயராகவும், சமயத்தில் வசையாகவும் வழங்குகிறது. 2003-04 ஆண்டுகளில் அத்தீவில் அது ஒரு தாளக்கட்டின் பெயராகவும் ஆயிற்று. ‘கூலி டான்ஸ்’ என்று அதை அழைத்தார்கள். அந்தத் தாளக்கட்டையும் அதன்மேல் குரல் ஏற்றியவர்களையும் முன்வைத்து, பாட்டில் பெயர் என்பது யாருக்குக் கிடைக்கிறது, யாருக்குக் கிடைப்பதில்லை என்பதை எண்ணிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். இலக்கிய வாசகர்களுக்கு ஜமைக்கா எதற்கு என்ற கேள்வி எழலாம். சற்றுப் பொறுத்தால், பாதை திருக்கழுக்குன்றத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் வந்து சேருவதைக் காணலாம்.

முதலில் ‘ரிடிம்’ என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம். ஆங்கிலத்தின் ‘ரிதம்’ ஜமைக்கர் நாவில் ‘ரிடிம்’ ஆயிற்று. ஆனால் அங்கே அதற்குத் தாளம் என்பது மட்டும் பொருளன்று. முழவொலி, கீழ்ச்சுருதி, இடையே வந்து போகும் ஓரிரு ஒலித்துணுக்குகள் எல்லாம் சேர்ந்த, பாட்டு ஏறாத பின்னணி இசை முழுவதையும் அது குறிக்கும். தயாரிப்பாளர் ஒருவர் அதை உருவாக்கி ஒரு பெயரும் வைத்து, பல பாடகர்களிடம் கொடுப்பார். ஒவ்வொருவரும் தத்தம் சொல்லையும் இசைப்போக்கையும் அதன்மேல் ஏற்றுவர். ஒரே பின்னணியில் பத்துப் பாட்டு, இருபது பாட்டு ஒரே பருவத்தில் வெளிவரும். நடனக் கூடத்தில் இசைத்தட்டு மாற்றுபவர் அவற்றை ஒன்றன்பின் ஒன்றாக ஓடவிடுவார். கூட்டம் ஆடிக்கொண்டே இருக்கும். குரல் மட்டும் மாறிக்கொண்டிருக்கும். யாருடைய சொல் கூட்டத்தை அதிகம் அசைத்தது என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

இம்முறை அரை நூற்றாண்டுக்கு மேற்பட்டது. ஒரே ரிடிமின் பாட்டுகளை மட்டும் தொகுத்த முதல் இசைத்தொகுப்பாக, ரூபி எட்வர்ட்ஸ் 1974இல் வெளியிட்ட ‘யமஹா ஸ்காங்க்’ என்பதைச் சொல்வார்கள். 1985இல் வெய்ன் ஸ்மித் பாட, கிங் ஜாமி தயாரித்த ‘ஸ்லெங் டெங்’ இம்முறைக்குக் கணினி யுகத்தைத் திறந்துவிட்டது. காசியோ நிறுவனத்தின் சிறிய விசைப்பலகை ஒன்றில் முன்பே பதிந்து வைக்கப்பட்டிருந்த தாளம் அது. அதை அமைத்தவர் ஹிரோகோ ஒகுடா என்ற ஜப்பானியப் பெண். அவருடைய தாளத்தின்மேல் நூற்றுக்கணக்கான பாட்டுகள் எழுந்துவிட்டன. ஆனால் அவர் பெயர் வெளியே தெரியப் பல ஆண்டுகள் ஆயின.

2002இல் ஸ்டீவன் ‘லெங்கி’ மார்ஸ்டன் உருவாக்கிய ஒரு ரிடிமுக்கு ‘தீவாளி’ என்று பெயர். கைதட்டலே அதில் முதன்மையான ஒலி. ஷான் பால், வெய்ன் வொண்டர், லூமிடீ ஆகிய மூவரும் அதன்மேல் தனித்தனியே காதலையும் களியாட்டத்தையும் பாடினார்கள். 2003இல் ஷான் பாலின் பாட்டு அமெரிக்கப் பாட்டு வரிசையில் முதலிடம் பிடித்தது. அதே கைதட்டலின்மேல் பவுன்டி கில்லர் வறியவனின் துயரைப் பாடினார். ஒரே இசை, ஒருவருக்கு அது விழா, மற்றவருக்கு முறையீடு. அடுத்து வந்தது கார்டெல் ‘ஸ்கட்டா’ பரல் தயாரித்த ‘கூலி டான்ஸ்’. எலிஃபன்ட் மேன், மிஸ்டர் வேகஸ் முதலிய ஜமைக்கப் பாடகர்கள் அதில் பாடினார்கள். நியூயார்க்கின் போர்ட்டோ ரிக்கோ வழிவந்த இரட்டைச் சகோதரியர் ‘நைனா ஸ்கை’ என்ற பெயரில் அதன்மேல் பாடிய பாட்டு 2004இல் அமெரிக்க வரிசையில் நான்காம் இடம் வரை சென்றது. மயாமியின் கியூபா வழிவந்த பிட்புல் தம் முதல் புகழை அதே தாளத்தில்தான் கண்டார். சகோதரியர் பாட்டின் ஆக்குநர் பட்டியலில் பரலின் பெயரும் உண்டு.

எல்லாருக்கும் பெயர் உண்டு. ஆனால் தாளக்கட்டின் தலையில் உட்கார்ந்திருக்கும் அந்தக் ‘கூலி’ யார்?

1845ஆம் ஆண்டு மே 10ஆம் நாள் ‘புளண்டல்’ என்ற கப்பல் ஜமைக்காவின் பழைய துறைமுக விரிகுடாவை அடைந்தது. அதில் ஒப்பந்தத் தொழிலாளராக வந்திறங்கிய இந்தியர் ஏறத்தாழ 260 பேர். அடிமை முறை ஒழிந்ததும் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் பற்றாமல் போனதே காரணம். 1917 வரை ஏறத்தாழ 36,000 பேர் அங்கே போனார்கள். பெரும்பான்மையோர் கல்கத்தா வழியாகச் சென்ற வட இந்தியர். ஒரு பகுதியினர் சென்னை வழியாகச் சென்றவர்கள். ‘கூலி’ என்ற ஆங்கில வழக்குக்குத் தமிழ்க் கூலியே வேர் என்பாரும் உண்டு. குஜராத்தின் கோலி இனப்பெயரைக் காட்டுவாரும் உண்டு. வேர் எதுவாயினும், கப்பலேறியவனின் ஊரும் பேரும் உதிர்ந்து, அவன் வாங்கிய காசின் பெயரே அவன் பெயராயிற்று என்பதில் ஐயமில்லை. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போனவர்களுக்கும் இதே பெயர்தான்.

போகாமல் நின்றவர்கள் எப்படி இருந்தார்கள் என்பதற்கு நம் செங்கற்பட்டே சான்று. 1891இல் இம்மாவட்ட ஆட்சியர் டிரமன்ஹீர், இங்குள்ள பறையர் மக்களின் நிலையைப் பற்றி அரசுக்கு ஓர் அறிக்கை அனுப்பினார். குடியிருக்கும் மனைகூடச் சொந்தமில்லாமல், கடனுக்குக் கட்டுண்டு, தலைமுறை தலைமுறையாகப் பண்ணையில் உழைத்தவர்களைப் பற்றிய பதிவு அது. பஞ்சமி நிலம் என்று இன்று நாம் சொல்வது அந்த அறிக்கையைத் தொடர்ந்து 1892இல் பிறந்த ஏற்பாடு. கடல் கடந்தவனும் கரையில் நின்றவனும் உழைப்பைக் கொடுத்தார்கள், பெயரை இழந்தார்கள். அவர்களுடைய முழவும் பாட்டும் அவ்வாறே பெயரில்லாப் பொதுச்சொத்தாயின.

இனி நம் பாட்டு மரபுக்கு வருவோம். ரிடிம் முறையைக் கேட்டு வியப்பதற்கு நமக்கு ஒன்றுமில்லை. ‘மெட்டு’ என்று நாம் சொல்வது ஏறத்தாழ அதுதான். வேறுபாடு இல்லாமலில்லை. ஜமைக்காவில் பின்னணி பொது, இசைப்போக்கு அவரவருடையது. நம்மிடம் இசைப்போக்கே பொது, சொல் மட்டும் அவரவருடையது. ஆனால் பலர் ஏறி நிற்கும் பொது மேடை என்ற கருத்து ஒன்றே. தேவாரத்தில் ஒவ்வொரு பண்ணுக்கும் கட்டளைகள் உண்டு. ஒரே கட்டளையில் பல பதிகங்கள் அடங்கும்; ஊர் மாறும், செய்தி மாறும், நடை நிலைத்திருக்கும். செங்கற்பட்டை அடுத்த திருக்கழுக்குன்றத்தைச் சம்பந்தர், அப்பர், சுந்தரர் மூவரும் பாடியிருக்கிறார்கள். அருகிலுள்ள திருவிடைச்சுரத்துக்குச் சம்பந்தர் பதிகம் உண்டு. எந்தப் பதிகம் யாருடையது என்பதில் நமக்குக் குழப்பமே வருவதில்லை. ஏனென்றால் சம்பந்தர் தம் பதிகத்தின் கடைசிப் பாட்டில் தம் பெயரைப் பொறித்து வைப்பார். திருக்கடைக்காப்பு என்று அதற்கொரு பெயரும் உண்டு. பிற்காலக் கீர்த்தனை ஆசிரியர்கள் வைத்த முத்திரையும் இவ்வழியில் வந்ததே.

அச்சு வந்தபின் இன்னொரு வழக்கமும் சேர்ந்தது. பாட்டின் தலையில் ‘இன்ன பாட்டின் வர்ணமெட்டு’ என்று அச்சிடுவார்கள். நாடகப் பாட்டுப் புத்தகம், பஜனைப் புத்தகம், அரசியல் பாட்டு, கிறித்தவக் கீர்த்தனை எதைப் புரட்டினாலும் இந்தக் குறிப்பைக் காணலாம். சுரக்குறிப்பு தெரியாத வாசகனும் பாட வேண்டும் என்பதே அதன் நடைமுறைப் பயன். ஆனால் அதையும் மீறி அது ஒரு நன்றி அறிவிப்பு. இந்த மேடை நான் கட்டியதன்று, இன்னாரிடமிருந்து வாங்கியது என்று சொல்லும் ஒப்புதல்.

இதன் மிகக் கூர்மையான எடுத்துக்காட்டு பாரதியிடம் கிடைக்கிறது. கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திரக் கீர்த்தனையில், தில்லைக்குப் போக விடைகேட்கும் பண்ணையாள் நந்தனை வேதியர் ஏசும் பாட்டு ஒன்று உண்டு. சுப்பிரமணிய பாரதி அதன் மெட்டை எடுத்து, சுதந்திரம் கேட்கும் இந்தியனை ஆங்கில அதிகாரி ஏசும் பாட்டாக்கினார். மெட்டை அறிந்த அன்றைய வாசகனுக்கு இரண்டு பாட்டும் ஒருசேரக் கேட்டிருக்கும். ‘நீ நந்தனுக்குச் செய்தாயே, அதையே இன்று வெள்ளைக்காரன் உனக்குச் செய்கிறான்’ என்று, சொல்லில் எழுதாத ஒரு செய்தி மெட்டின் வழியே அவனைச் சென்று சேர்ந்திருக்கும். தலையில் அந்த மெட்டுக்குறிப்பு இல்லையென்றால் பாட்டின் பாதி பொருள் போய்விடும். வகுப்பில் இதை நடத்தும்போது, ‘அப்படியானால் பாரதி காப்பியடித்தாரா ஐயா?’ என்று மாணவர் கேட்பதுண்டு. வாங்கியதை மறைத்தால்தான் அது திருட்டு, சொல்லிவிட்டு வாங்கினால் அது உரையாடல் என்பதே நாம் சொல்லும் விடை.

ஆக, நம் பழைய பாட்டேட்டில் இரண்டு பெயர்கள் இருந்தன. தலையில் மெட்டின் பெயர். கடையில் பாடியவரின் பெயர். ஜமைக்காவின் இசைத்தட்டுகளிலும், ஒரே ரிடிம் தொகுப்புகளிலும் குரலின் பெயரோடு ரிடிமின் பெயரையும் காணலாம். மெட்டைப் பொதுவில் வைத்துக்கொண்டே குரலுக்குரிய பெயரைக் காக்க முடியும் என்பதை இவ்விரு மரபுகளும் காட்டுகின்றன.

ஆயினும் இவ்விரண்டு பெயருக்கும் கீழே மூன்றாவது ஒருவர் இருக்கிறார். பழைய செங்கற்பட்டு மாவட்டத்துக் குன்றத்தூரில் பிறந்த சேக்கிழார் அவரை நமக்குக் காட்டித் தந்திருக்கிறார். பெரியபுராணத்தில் திருநாளைப்போவார், கோயில் முழவுகளுக்குத் தோலும் வாரும், வீணைக்கும் யாழுக்கும் நரம்பும் கொடுத்துவந்தவர். உள்ளே ஒலித்த தாளம் அவர் கொடுத்த தோலிலிருந்து எழுந்தது. அவரோ வாயிலுக்கு வெளியே நின்றார். முழவுக்குத் தோல் கொடுத்தவர், ஒப்பாரிக்கு மெட்டுக் கொடுத்தவர், கூத்தில் பின்பாட்டுப் பாடியவர், முகவீணை ஊதியவர் ஆகியோர் பெயர் தலையிலும் இல்லை, கடையிலும் இல்லை. அவர்களுக்கு உரியது கூலி மட்டும் என்று நாம் முடிவு செய்துவிட்டோம். அதுவும் எல்லா நேரமும் கிடைத்ததில்லை.

இந்தப் பழைய கணக்கு 2022இல் மாமல்லபுரத்தை முன்னிட்டு மீண்டும் திறந்தது. அவ்வாண்டு ஜூலை 28 அன்று, மாமல்லபுரத்தில் நடக்கவிருந்த சதுரங்க ஒலிம்பியாடின் தொடக்க விழா சென்னையில் நிகழ்ந்தது. அங்கே ‘என்ஜாய் எஞ்சாமி’ பாட்டைப் பாடகி தீயும் நாட்டுப்புறப் பாடகி கிடாக்குழி மாரியம்மாளும் மேடையேற்றினார்கள். 2021 மார்ச்சில் வெளியாகி உலகெங்கும் கேட்கப்பட்ட அப்பாட்டை எழுதியவரும், தீயோடு சேர்ந்து பாடியவருமான அறிவு அன்று அமெரிக்காவில் இருந்தார். அவர் மேடையில் இல்லாததும், அவர் பெயர் குறித்த கேள்வியும் பெரும் விவாதமாயின. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த தம் பாட்டி வள்ளியம்மாளின் கதையிலிருந்து பிறந்தது அப்பாட்டு. அதன் ஆக்கம் தம்முடையது. கூட்டு முயற்சி என்பதை மறுக்கவில்லை, ஆனால் அதன் வரலாற்றை மறைக்க முடியாது என்ற பொருள்பட அறிவு எழுதினார். இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன், இசை தம்முடையது என்றும் உரிமையும் வருவாயும் மூவருக்கும் சமம் என்றும் விடையளித்தார். அறிவுக்கு உரிய இடத்தைத் தாம் எப்போதும் அளித்தே வந்திருப்பதாகத் தீ கூறினார். அதற்கு முந்தைய ஆண்டே ‘ரோலிங் ஸ்டோன் இந்தியா’ இதழின் அட்டையில் தீயும் ஷான் வின்சென்ட் டி பாலும் இடம்பெற, அறிவு விடுபட்டதை இயக்குநர் பா. இரஞ்சித் கண்டித்திருந்தார், பின்னர் அவ்விதழ் அறிவின் படத்தோடும் ஓர் அட்டை வெளியிட்டது. 2024 மார்ச்சில் சந்தோஷ் நாராயணன், பாட்டை வெளியிட்ட தளத்திடமிருந்து தங்களுக்கு வருவாய் ஏதும் வந்து சேரவில்லை என்று அறிவித்தார்.

இதில் யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்வது நம் வேலையன்று. நம் கவனத்துக்கு உரியது வேறு. கூலியாகப் போன ஒரு பாட்டியின் வாழ்க்கை, ஒப்பாரியின் இசை, ஓர் இளைஞனின் சொல், ஓர் இசையமைப்பாளரின் கட்டமைப்பு, ஒரு பெண்ணின் குரல் ஆகிய அனைத்தும் சேர்ந்து ஒரு பாட்டானது. அவற்றில் எது மெட்டு, எது குரல், யார் பெயர் தலையில், யார் பெயர் கடையில் என்று சொல்ல நமக்கு இன்று ஓர் ஒழுங்கு இல்லை. கோடிக்கணக்கானோர் கேட்கும் பாட்டைத் தாங்கும் கைபேசித் திரையில், நான்கணா பாட்டுப் புத்தகத்தில் இருந்த ஒரு வரி மெட்டுக்குறிப்புக்கு இடமில்லை. சண்டை அதனால்தான் வருகிறது. புகழ்பெற்றவர்களுக்கே இந்த நிலை என்றால், ஒப்பாரி பாடும் பெயரறியாப் பெண்களின் நிலையைச் சொல்லவும் வேண்டுமோ?

இதற்கு ஒரு மறுப்பு எழும். பொதுச்சொத்துக்குப் பெயர் எழுதத் தொடங்கினால் வேலி முளைக்கும். வேலி முளைத்தால் மெட்டு செத்துப்போகும். ஜமைக்காவில் யாரும் யார் தாளத்தையும் எடுக்கலாம் என்று இருந்ததால்தான் அந்தச் சிறு தீவின் இசை உலகை ஆண்டது என்பார்கள். இதில் உண்மை இருக்கிறது. ஆனால் ஜமைக்காவையும் பொற்காலமாக்கிவிடக் கூடாது. அறுபதுகளில் கிங்ஸ்டனின் இசைக்கூடங்களில் வாசித்த கலைஞர்கள் பலர் ஒருமுறைக் கூலி வாங்கிக்கொண்டு போனவர்கள். அவர்கள் வாசித்த ரிடிம்கள் அரை நூற்றாண்டாகப் பிறருக்குப் பணம் ஈட்டித் தருகின்றன. அங்கேயும் கூலி வேறு, உரிமை வேறு. மெட்டு பொதுவாக இருந்தது என்பதற்காகப் பங்கீடு பொதுவாக இருந்துவிடவில்லை.

மேலும், பெயர் வேறு வேலி வேறு. சம்பந்தர் தம் பெயரைப் பொறித்ததால் அந்தக் கட்டளையில் வேறு யாரும் பாடாமல் போய்விடவில்லை. பாரதி மெட்டின் மூலத்தைச் சொன்னதால் கோபாலகிருஷ்ண பாரதியார் குறைந்துவிடவில்லை. கூடினார் என்றே சொல்ல வேண்டும். வேலி ‘நுழையாதே’ என்கிறது. பெயரோ ‘இந்த வழியாக வந்தேன்’ என்று மட்டும் சொல்கிறது. 2012இல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டம் பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் விட்டுக்கொடுக்க முடியாத பங்குரிமையை அளித்தது. பாடியவருக்கும் உரிமை சொன்னது. நல்ல மாற்றமே. ஆனால் எழுதியவர் யார் என்று தெரியாத வழிவழிப் பாட்டைப் பாடித் தரும் ஊருக்கோ குடிக்கோ அச்சட்டத்தில் இடமில்லை. சட்டம் எட்டாத அந்த இடத்தில் வழக்கம்தான் காவல்.

வழக்கத்தை மாற்றுவது எங்கே தொடங்க வேண்டும்? திரைத்துறையை நோக்கி விரல் நீட்டுவதற்கு முன், தமிழ்த்துறைகளை நோக்கிச் சில சொற்கள். நாட்டார் பாடல் தொகுப்புகளும் ஆய்வேடுகளும் நம் துறைகளிலிருந்து ஆண்டுதோறும் வெளிவருகின்றன. தொகுத்தவர் பெயர் அட்டையில் இருக்கும். பாடியவர் பெயர், இருந்தால், பின்னிணைப்பில் ‘தகவலாளர்’ என்ற தலைப்பின் கீழ் வயதோடும் ஊரோடும் இருக்கும். தகவலாளர்! ஆடி மாதத்தில் அம்மன் கோயில் வாசலில் பம்பையும் உடுக்கையும் முழங்க இரவெல்லாம் பாடுகிறவர் நமக்குத் தகவல் தருகிறவர் மட்டுமே. சம்பந்தரை நாம் தகவலாளர் என்று சொல்வோமா? கட்டளைக்குள் நின்று சொல் புனைகிறவர், மெட்டுக்குள் நின்று அன்றைய துக்கத்துக்கு ஏற்ப அடிகளை மாற்றுகிறவர் பாவலர் அல்லாமல் வேறு யார்?

மாசி மகத்து முழுநிலவில் இருளர் குடும்பங்கள் பல ஊர்களிலிருந்தும் மாமல்லபுரக் கடற்கரையில் வந்து கூடுகின்றன. மணலில் கூடாரமிட்டுத் தங்கி, கடலருகே கன்னியம்மனை வழிபட்டு, பாடி ஆடுகிறார்கள். இன்று அவர்களைச் சுற்றிக் கைபேசிகளும் ஒளிப்படக் கருவிகளும் நிற்கின்றன. அவற்றில் ஏறும் ஒலித்துணுக்கு நாளை யாரோ ஒருவரின் பின்னணி இசையாகலாம். ஆகட்டும், மெட்டு பயணம் போவதில் நமக்கு மறுப்பில்லை. ஆனால் அந்தக் கோப்பில் ‘பழங்குடிப் பாட்டு’ என்று மட்டும் எழுதி அனுப்பிவிட்டால், 1845இல் கப்பலின் ஆள் பட்டியலில் நடந்ததையே நாமும் செய்கிறோம் என்று பொருள்.

ஆகவே நம் வேண்டுகோள் சிறியது. நாட்டார் பாட்டை அச்சிடுவோர், பதிவு செய்வோர், மேடையேற்றுவோர் பழைய பாட்டுப் புத்தகத்தின் ஒழுங்கைத் திரும்பக் கொண்டுவர வேண்டும். தலையில், எந்த ஊரின், எந்தச் சடங்கின், எந்தக் குடியின் மெட்டு என்ற ஒரு வரி. கடையில், பாடியவர் இசைந்தால் அவருடைய முழுப்பெயர், பாவலர் என்ற மதிப்போடு. பணம் வந்தால் அந்த இரண்டு பெயர்களுக்கும் பங்கு போக வேண்டும் என்பது அடுத்த படி. பெயரே எழுதப்படாத இடத்தில் பங்கு கேட்பது யாருக்காக?

‘கூலி டான்ஸ்’ என்ற தாளக்கட்டின்மேல் பாடியவர்கள் அனைவரின் பெயரும் நமக்குத் தெரிகிறது. அதன் தலைப்பில் நிற்கும் கூலியின் பெயரை இனி யாரும் மீட்டுத் தர முடியாது. செங்கற்பட்டிலும் மாமல்லபுரக் கரையிலும் பாடிக்கொண்டிருப்பவர்களின் பெயரையோ இன்றே கேட்டு எழுதிக்கொள்ளலாம். அவர்கள் நம் எதிரேதான் இருக்கிறார்கள்.